வரன் தேடும் வெப்சைட்: நிஜக் கடையா, பொம்மைக் கடையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? ரயில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கு இமெயில் அனுப்புவார்கள். சீட்டு விளையாடுவார்கள். வீட்டில் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருந்தால் நான்காவதாக ஒரு வேலையும் சேர்ந்துகொள்ளும். மேட்ரிமோனி வெப்சைட்டில் வரன் தேடுவது.

நான் இருப்பது மணவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிறுத்தம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். உறவு இல்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு லேப்டாப் வாங்கினார். மகள் எம்.எஸ்சி. முடித்து அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். முருகன் வள்ளியைக் கைப்பிடித்த திருத்தணி மலையில் 365 படியும் ஏறி வேண்டிக்கொண்டு வந்தவர், அன்று இரவே இன்டர்நெட்டிலும் பதிந்துவிட்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, ராத்திரி பதினோரு மணிக்குப் பதிஞ்சேன். பத்து நிமிஷத்துல 14 பேர் விருப்பம் தெரிவிச்சிருக்காங்க. அதுல ரெண்டு பேர் டாக்டர்!"

"பத்து நிமிஷத்துலயா மாமா?"

"ஆமா. யாருன்னு பார்க்கணும்னா மட்டும் 3,540 ரூபா கட்டணும்னு வந்துச்சு. கட்டிட்டேன். இப்ப அந்த கம்பெனிப் பொண்ணு போன்ல பேசுது. 'ஸ்பெஷல் மெம்பர்' ஆனா நேரா மாப்பிள்ளை வீட்டோட பேச வைப்பாங்களாம். 11,800 ரூபா. அதை எப்படி அனுப்பறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

நல்லவேளை, கேட்க வந்தார்.

லேப்டாப்பைத் திறந்து அந்த வெப்சைட்டைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. 25 ஆண்டுச் சேவை, லட்சக்கணக்கான வரன்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும்; கதவு எண் இல்லை, தெரு இல்லை. தொடர்புக்கு ஒரு மொபைல் எண். மாமா பணம் அனுப்பிய யு.பி.ஐ. ரசீதை வாங்கிப் பார்த்தேன். பணம் போயிருந்தது ஒரு கம்பெனியின் பெயருக்கு அல்ல. தனி ஆள் ஒருவருடைய பெயருக்கு.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. உலகத்தில் எந்த வெப்சைட்டின் பெயரும் எங்கோ ஒரு பதிவேட்டில் பதியப்பட்டிருக்கும். ஐகேன் என்ற அமைப்புதான் இந்தப் பெயர் முறையை மேற்பார்வை செய்கிறது. கூகுளில் 'ஐகேன் லுக்அப்' என்று தேடினால் அவர்களுடைய பக்கம் கிடைக்கும். அங்குள்ள கட்டத்தில் வெப்சைட் முகவரியை டைப் செய்து என்டர் தட்டினால், அந்தப் பெயர் பதியப்பட்ட தேதி, எந்த நிறுவனத்தின் மூலம் பதியப்பட்டது என்ற விவரங்கள் வரும். இலவசம்தான். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது தேதி. 25 ஆண்டுச் சேவை செய்த நிறுவனத்தின் வெப்சைட் பெயர் பதியப்பட்டு 23 நாட்கள் ஆகியிருந்தன.

டாக்டர் மாப்பிள்ளைகளில் ஒருவரின் போட்டோவில் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்தேன். குரோம் பிரவுசரில் இப்படிச் செய்தால் கூகுள் லென்ஸில் தேடும் வசதி கிடைக்கும். அதே படம் இன்டர்நெட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று அது காட்டும். விளம்பரங்களுக்குப் படம் விற்கும் தளம் ஒன்றில், கழுத்தில் அதே ஸ்டெதாஸ்கோப்போடு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் மாமாவின் மகளும் வந்துவிட்டாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் மொபைல் எண் ஒன்றைக் கொடுத்து அதே தளத்தில் மாப்பிள்ளையாகப் பதிந்தேன். வயது 48, வேலை இல்லை, போட்டோ இல்லை. (ஒழுங்கான தளங்களில் இப்படிப் பொய் விவரம் கொடுப்பது விதிமீறல், விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.) கால் மணி நேரத்தில் 20 பெண்கள் என்னை விரும்பினார்கள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்பதாவது படத்தில் கையை நீட்டினாள். அவளுடைய படம். பெயர் வேறு, ஊர் சேலம், படிப்பு எம்.பி.ஏ. முந்தின இரவு அப்பா ஏற்றிய அதே மஞ்சள் புடவைப் படம்.

"3,540 போனா போகட்டும்பா. என் போட்டோவைக் காட்டி இன்னொரு வீட்டுல பணம் வாங்கறாங்களே, அது?" என்றாள். மாமா ஒன்றும் பேசவில்லை.

ஏன் பொம்மைகளை உட்கார வைக்கிறார்கள்?

வரன் தேடும் தளமும் டேட்டிங் தளமும் சந்தை மாதிரி. பத்துப் பேர் மட்டுமே இருக்கும் சந்தைக்குப் பதினோராவது ஆள் வரமாட்டார். புதிதாகத் தொடங்கும் எந்தத் தளத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நேர்மையானவர் பொறுமையாகக் கூட்டம் சேர்ப்பார், கைக்காசைப் போட்டு விளம்பரம் செய்வார். மோசடிக்காரர் பொம்மைகளை உட்கார வைத்துவிட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பார்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்திலிருந்து 18 டேட்டிங் தளங்களை நடத்திய ஜே.டி.ஐ. டேட்டிங் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வர்த்தகத் துறை ஆணையமான எப்.டி.சி. 2014ல் நடவடிக்கை எடுத்தது. இலவசமாகப் பதிந்தவர்களுக்கு உடனே காதல் மெசேஜ்கள் வரும். பதில் போட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அனுப்பியவர்கள் மனிதர்கள் அல்ல, நிறுவனமே உருவாக்கிய போலிகள். 'விர்ச்சுவல் க்யூபிட்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்து, படத்தின் மேல் பொடியாக ஒரு அடையாளம் மட்டும் போட்டிருந்தார்கள். கடைசியில் 6,16,165 டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மாமாவுக்கு வந்த 14 விருப்பங்களும் இதே ரகம்தான்.

2015ல் ஆஷ்லி மேடிசன் என்ற தளத்தின் தகவல்களை ஹேக்கர்கள் அள்ளி வெளியே போட்டார்கள். சுமார் 3.6 கோடிப் பேரின் விவரங்கள். பேச்சுக்கு இழுக்க அங்கே போலிப் பெண் கணக்குகள் வைக்கப்பட்டிருந்ததும், பணம் கட்டி அழித்தவர்களின் விவரங்கள்கூடச் சரியாக அழிக்கப்படாததும் அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பெரிய பெயர் இருந்தால் மட்டும் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. மேட்ச் டாட் காம் நிறுவனத்தின் மீது எப்.டி.சி. 2019ல் வழக்குப் போட்டது. மோசடிப் பேர்வழிகள் என்று தாங்களே சந்தேகித்த கணக்குகளிலிருந்து வந்த மெசேஜ்களைக் காட்டி மற்றவர்களைச் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. அந்தப் பகுதி அமெரிக்கச் சட்டம் இணைய நிறுவனங்களுக்குத் தரும் பாதுகாப்பின் பேரில் தள்ளுபடி ஆனது. மற்றக் குற்றச்சாட்டுகளுக்காக 2025ல் 1.4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

நேர்மையானவர்கள் எப்படித் தாக்குப் பிடிக்கிறார்கள்?

இதில் தமிழர்களுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலையில் இருந்தபோது 1997ல் தமிழர்களுக்காக ஓர் இணைய தளம் தொடங்கினார். அதில் இருந்த பல பகுதிகளில் வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதைத் தனியே வளர்த்ததுதான் பாரத் மேட்ரிமோனி. அவருடைய திருமணமும் அந்தத் தளத்தின் மூலமே அமைந்தது. தன் கடைச் சரக்கைத் தானே சாப்பிட்டவர் என்று சொல்லலாம். நிறுவனம் 2017 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்தது. அனுபம் மிட்டலின் ஷாதி டாட் காமும், நௌக்ரி தளத்தை நடத்தும் இன்போ எட்ஜின் ஜீவன்சாத்தியும் இதன் போட்டியாளர்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் பாருங்கள். வேலையை ஒழுங்காகச் செய்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்! கல்யாணம் முடிந்த ஜோடி அடுத்த வருடம் சந்தா கட்டப் போவதில்லை. எனவே அவர்கள் வெளியே போய் நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னால்தான் கடை ஓடும். மொழிவாரியாகவும் சமூகவாரியாகவும் தனித்தனித் தளம் வைப்பது, ஜாதகம் பொருத்திப் பார்க்கும் வசதி, மொபைல் எண்ணைச் சரிபார்ப்பது, அடையாள அட்டை பார்த்து முத்திரை கொடுப்பது, போட்டோவை யார் பார்க்கலாம் என்று பூட்டுப் போடும் வசதி, நேரில் போய்ச் சண்டை போட ஓர் அலுவலகம், எல்லாம் இதற்காகத்தான். கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் முக்கியம்.

அரசும் கொஞ்சம் கை கொடுத்தது. 2016 ஜூனில் மத்திய அரசு மேட்ரிமோனி வெப்சைட்டுகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிபவர் திருமண நோக்கத்துக்காகவே பதிகிறேன் என்று உறுதி அளிக்க வேண்டும், அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். கணக்கு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து தொடங்கப்பட்டது என்பதைக் கணக்கு மூடிய பிறகும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். புகார் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். ஒரு தளத்துக்குள் போனதும் அடியில் ஸ்க்ரோல் செய்து, இந்தப் புகார் அலுவலரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொம்மைக் கடைகள் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நல்ல தளங்களுக்கு இன்னொரு தலைவலி, பெயர். கூகுளில் 'தமிழ் மேட்ரிமோனி' என்று தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் காசு கொடுத்துப் போடும் விளம்பரங்கள். தங்கள் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று, அப்போது கன்சிம் இன்போ என்று அழைக்கப்பட்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2010ல் நீதிபதி, தமிழ், மேட்ரிமோனி போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்களே என்று கருதினார். அதே நிறுவனமும் நுகர்வோர் அமைப்பு ஒன்றும் கொடுத்த புகாரின் பேரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது வேறு கதை. நமக்கு இதில் பாடம் ஒன்றே. ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய இருக்கும். முதலில் வருவது நல்லது என்று அர்த்தம் இல்லை. பிரவுசரின் மேல் பட்டையில் உள்ள முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பூட்டுப் படம் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்லாது.

கடை நல்லது, ஆள் சரியில்லை என்றால்?

இதுவும் நடக்கும். 2022 பிப்ரவரியில் புவனேஸ்வரில் ஒருவர் கைதானார். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு, மேட்ரிமோனி தளங்கள் மூலம் பல மாநிலங்களில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பெண்களை மணந்து பணம் பறித்தார் என்பது புகார். வெப்சைட் சரிபார்ப்பது மொபைல் எண்ணையும் அட்டையையும்தான். அவர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பதை அது கண்டுபிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்வார். அந்தக் காலத்தில் தரகர் செய்த வேலையை, அதாவது அந்தத் தெருவுக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்து விசாரிக்கும் வேலையை, எந்தக் கம்ப்யூட்டரும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு மாப்பிள்ளை வகை இன்னும் மோசம். லண்டனில் டாக்டர், பேச்சு தேன் மாதிரி இருக்கும். வீடியோவில் மட்டும் முகம் காட்டமாட்டார். மூன்றாவது வாரம் நகையும் லேப்டாப்பும் பார்சல் அனுப்பியதாகச் சொல்வார். மறுநாள் டில்லி விமான நிலையத்திலிருந்து கஸ்டம்ஸ் அதிகாரி என்று ஒருவர் போன் செய்து வரி கேட்பார். கஸ்டம்ஸ் துறை யாருடைய தனிக் கணக்கிலும் வரி கட்டச் சொல்லாது. 2019ன் பிற்பகுதியிலிருந்து மறைமுக வரி வாரியம் அனுப்பும் கடிதங்களில் டி.ஐ.என். என்ற எண் இருக்கும். வாரியத்தின் வெப்சைட்டில் அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். போனில் மிரட்டுபவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

பதியும் முன் சில வேலைகள் செய்துகொள்வது நல்லது. வரன் தேட மட்டும் தனியாக ஒரு இமெயில் முகவரி தொடங்குங்கள். பேங்குக்குக் கொடுத்த மொபைல் எண்ணை இங்கே கொடுக்காதீர்கள். போட்டோவைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, முகத்தை ஒட்டி 'வரன் பார்க்க மட்டும்' என்று எழுத்துப் போட்டு சேவ் செய்திடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அழகு குறையும்தான், பரவாயில்லை. ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலிருந்து டவுண்லோட் செய்து கொடுக்கலாம். ஜாதகத்தில் பிறந்த தேதி, நேரம், அப்பா அம்மா பெயர் எல்லாம் இருக்கும். அதை எல்லாரும் பார்க்கும்படி ஏற்றாமல், பேசிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பணம் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். இணையப் பண மோசடிக்கென நாடு முழுவதும் உள்ள எண் இது. பணம் போன உடனே சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் சொல்லும்போது பத்து மணி நேரம் ஓடியிருந்தது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் ரசீது, ஸ்கிரீன் ஷாட், அந்தப் பெண் பேசிய மொபைல் எண் எல்லாம் ஏற்றிப் புகார் எண் வாங்கினோம். பேங்குக்கும் எழுதிக் கொடுத்தோம். ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம்.

மாமாவுக்குப் புகார் கொடுக்கவே கூச்சம். "ஊர்ல தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வருமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். மகள்தான் உட்கார்ந்து டைப் செய்தாள். போட்டோவை எடுக்க அந்தத் தளத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. ஐகேன் லுக்அப்பில் வந்த பக்கத்தில், பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனத்தின் 'அப்யூஸ்' இமெயில் முகவரி இருந்தது. இது பலருக்குத் தெரியாத வசதி. அவளுடைய அடையாளச் சான்று, இரண்டு ஸ்கிரீன் ஷாட்டுகள், புகார் எண் மூன்றையும் அந்த முகவரிக்கு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் அந்த வெப்சைட் திறக்கவில்லை. வேறு பெயரில் வேறு எங்காவது திறந்திருக்கலாம்; வாரம் ஒரு முறை மஞ்சள் புடவைப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கிறாள். 3,540 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்போது வேறு ஒரு தளத்தில், சென்னையில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு மாமா ரயிலேறிப் போய் ஆட்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவளே தன் கையால் பதிந்திருக்கிறாள். போட்டோ பூட்டியிருக்கிறது. முதல் மூன்று வாரத்தில் வந்த விருப்பங்கள் நான்கு. "இவ்வளவுதானா?" என்று மாமாவுக்குக் குறை. அதில் ஒன்று பள்ளிப்பட்டுப் பக்கம். போன வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போய்விட்டு, பையனின் தாய்மாமா நடத்தும் மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

"எடை சரியா இருந்துச்சு தம்பி" என்றார்.